முதியவர் அறைக்கு ஒரு ஜன்னல்

மனிதன் ஒரு நாளில் உண்ணும் அன்னத்தையும் பருகும் நீரையும் சேர்த்து நிறுத்தால் நாலைந்து கிலோவுக்கு மேல் தேறாது. ஆனால், சும்மா சாய்ந்திருக்கும் நிலையிலும் நிமிஷத்துக்குச் சுமார் 15 முறை மூச்சை இழுத்து, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அரை லிட்டர் காற்றை நெஞ்சுக்குள் வாங்கி, பொழுது விடிந்து மறுபொழுது விடிவதற்குள் 10,000 லிட்டருக்கு மேல், அதாவது நிறையில் 12 கிலோவுக்குக் குறையாமல், அவன் காற்றை உட்கொண்டுவிடுகிறான். அரிசியைக் கல் பொறுக்கிக் களைந்து உலையில் இடுகிறோம். தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் குடிக்கிறோம். பாலில் தண்ணீர் கூடிவிட்டால் பால்காரரோடு மல்லுக்கு நிற்கிறோம். இவை எல்லாவற்றையும்விட அதிக அளவில் சரீரத்துக்குள் செல்லும் ஒரு வஸ்துவைப் பற்றி, அதிலும் நம் வீட்டுக்குள்ளேயே நிறைந்திருக்கும் அந்த வஸ்துவைப் பற்றி, நமக்கு எவ்வித விசாரமும் இல்லாமலிருப்பது ஆச்சரியத்துக்கும் கவலைக்கும் உரியது.

வெளிக்காற்றைப் பற்றி நாடு ஓரளவு பேசத் தொடங்கியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் டில்லியைச் சூழும் புகைமூட்டம் பத்திரிகைகளின் முதற்பக்கத்துக்கு வந்துவிடுகிறது. எண்ணூர், மணலி ஆலைகளின் புகை பற்றி வாதங்கள் நடக்கின்றன. தீபாவளிப் பட்டாசு வெடிப்பதற்கு நேரம் குறித்து 2018இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. ஆயினும், வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தவுடன் காற்று தானாகவே பரிசுத்தம் அடைந்துவிடுவதாக ஓர் எண்ணம் நம்மிடம் வேரூன்றிப் போயிருக்கிறது. வெளியிலுள்ள தூசும் புகையும் ஜன்னல் இடுக்கு, கதவிடுக்கு வழியாக உள்ளே வரத்தான் செய்கின்றன. அவற்றோடு அடுப்பும் ஊதுவத்தியும் கொசுவத்தியும் புதுப் பெயிண்டும் ஓதமேறிய சுவரும் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன. வெளியில் இவற்றைக் கலைத்துவிடக் காற்றும் வெயிலும் உண்டு, உள்ளேயோ நான்கு சுவர்களும் ஒரு தளமும் இவற்றைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

இந்த உட்காற்றை யார் மிகுதியாகச் சுவாசிக்கிறார்கள் என்று பார்த்தால்தான் விஷயத்தின் கடுமை விளங்கும். குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்கும் மகனும் மருமகளும் உத்தியோகத்துக்கும் புறப்பட்டுப் போன பிறகு, முழங்கால் வலியாலோ, கண் மங்கலாலோ, தெருவில் விரையும் வாகனங்களைக் கண்ட அச்சத்தாலோ படியிறங்காமல் இருந்துவிடும் பெரியவர், நாளின் 24 மணி நேரத்தில் 20 மணிக்கு மேல் அந்தச் சுவர்களுக்குள்ளேயே கழிக்கிறார். 2021ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்களில் 100க்கு 13 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் விகிதம் மிகுந்தது நம் மாநிலம். இத்தனை பேருக்கும் வீட்டுக் காற்றுதான் காற்று. அப்படியிருக்க, வீட்டில் மிகுந்த நேரம் இருப்பவருக்கு அந்த வீட்டிலேயே காற்று மிகக் குறைந்த அறையைக் கொடுப்பது என்பது, கெட்ட எண்ணம் சிறிதும் இல்லாமலேயே, நம் குடும்பங்களில் நடைபெற்றுவரும் ஒரு வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம் மாற வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

சென்னைப் புறநகரில் உள்ள ஓர் அடுக்ககத்தில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரைச் சமீபத்தில் பார்க்கப் போயிருந்தேன். தெருவைப் பார்த்து, பால்கனியோடு கூடிய அறையை மகனும் மருமகளும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரியவருக்குக் கழிவறைக்குப் பக்கத்தில் இருந்தால் இரவில் எழுந்து போக வசதி என்று, அதை ஒட்டிய உள்ளறையைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அறையின் ஒரே ஜன்னல், நான்கு மாடிகளின் கழிவுநீர்க் குழாய்களும் இறங்கிவரும் மூன்றடி அகலச் சந்தில் திறக்கிறது. சந்தின் அடியிலும் குழாய் மடிப்புகளிலும் புறா எச்சம் வெள்ளை வெள்ளையாகத் தடித்துப் படிந்திருந்தது. ஜன்னலில் பாதியை மர பீரோ மறைத்திருக்க, மறுபாதியைக் கொசுவுக்குப் பயந்து பழைய நாட்காட்டியின் அட்டையால் அடைத்திருந்தார்கள். கட்டிலுக்கு அடியில் ஓர் எவர்சில்வர் தட்டில், முதல்நாள் இரவு எரிந்த கொசுவத்தியின் சாம்பல், சுருள் கலையாமல் கிடந்தது. பரணிலிருந்து அந்துருண்டை நெடி இறங்கிக்கொண்டிருந்தது. மகன் தந்தையிடத்தில் மிகுந்த பிரியம் உடையவர். இரத்த அழுத்தத்துக்கும் மூச்சிரைப்புக்கும் மாதந்தோறும் பெருந்தொகை செலவிடுகிறவர். தலைமாட்டில் இன்ஹேலரும் இருந்தது. அந்த மருந்து போய்ச் சேரும் நெஞ்சுக்குள் இரவு முழுவதும் வேறு என்னென்ன போய்ச் சேருகின்றன என்பதை அவர் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்கும்படி எந்த வைத்தியரும் அவரிடம் சொன்னதில்லை.

வயதான சரீரம் இத்தகைய காற்றைத் தாங்கும் சக்தியை நாளுக்கு நாள் இழந்துவருவது. இருபத்தைந்து வயதுக்குப் பிறகு, ஒரு வினாடியில் ஊதி வெளியேற்றக்கூடிய காற்றின் அளவு ஆண்டுக்குச் சுமார் 25 முதல் 30 மில்லி லிட்டர் வீதம் குறைந்துகொண்டே போகிறது. மார்புக் கூடு விறைத்துப் போகிறது. காற்றுக் குழாய்களின் உட்சுவரில் இருந்துகொண்டு தூசியையும் சளியையும் மேல்நோக்கித் தள்ளும் நுண்மயிர்கள் தளர்ந்துவிடுகின்றன. இருமலுக்கும் பழைய வேகம் இருப்பதில்லை. இளைஞன் ஒருவன் இருமித் துப்பிவிடக்கூடியதை முதியவர் தம் நெஞ்சிலேயே வைத்துக்கொள்ளும்படி ஆகிறது. அவற்றிலும் சூட்சுமமானவை, தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான, 2.5 மைக்ரான் அளவுக்கு உட்பட்ட துகள்கள். இவை மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை சென்று, அவற்றில் மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலந்துவிடுகின்றன.

புகை என்றால் இருமல், இருமல் என்றால் நுரையீரல் என்று மட்டும் கருதிவருகிற நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஓர் உண்மை இங்கே இருக்கிறது. விறகு, கரி, சாணம், மண்ணெண்ணெய் முதலியவற்றை எரிப்பதால் வீட்டுக்குள் எழும் புகையினால் 2020ஆம் ஆண்டில் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் 100க்கு 32 பேர் இருதய நோயாலும், 23 பேர் பக்கவாதத்தாலும் மாண்டவர்கள். அதாவது பாதிக்கு மேற்பட்ட மரணங்கள், புகையோடு யாரும் சம்பந்தப்படுத்திப் பார்க்காத வியாதிகளால் நேர்ந்தவை. விடியற்காலையில் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த ஒரு பெரியவரைப் பற்றி, 'வயசாயிடுச்சு, நல்ல சாவு' என்று நாம் மனத்தைத் தேற்றிக்கொள்ளும்போது, அந்த மரணத்தில் அடுப்படிக்கும் ஒரு பங்கு இருந்திருக்கக்கூடும் என்ற எண்ணமே நமக்கு உதிப்பதில்லை.

வீட்டுக்குள் நாம் வேண்டுமென்றே கொளுத்தி வைப்பவற்றுள் முதலில் சொல்ல வேண்டியது கொசுவத்தி. சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட கொசுவத்திகளைச் சோதித்து 2003இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, ஒரு சுருள் முழுவதும் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள்களின் நிறை, 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்குச் சமம் என்று கண்டது. ஆயுளில் ஒரு நாளும் புகையிலையைத் தொடாத மூதாட்டி ஒருவர், கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு, கட்டிலின் கீழ் இதை ஏற்றிவைத்துக்கொண்டு, இரவு எட்டு மணி நேரம் படுத்திருப்பதை எண்ணிப் பாருங்கள். கொசுக்கடியினால் டெங்கும் சிக்குன்குனியாவும் வருகிற ஊரில் கொசுவைப் பொறுத்துக்கொள் என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அதற்குப் பரிகாரம் நம் பாட்டனார் காலத்திலிருந்தே இருக்கிறது: கட்டிலுக்கு நான்கு மூலையிலும் கட்டிய கொசுவலை, இப்போது அதோடு ஜன்னல் சட்டத்தில் பொருத்தும் கம்பிவலை. ஜன்னலுக்கு வலை அடித்துவிட்டால் கொசு வெளியே நிற்கும், காற்று உள்ளே வரும். ஒரு வருஷம் கொசுவத்திக்கும் திரவ மருந்துக்கும் செய்யும் செலவில் ஓர் அறையின் ஜன்னலுக்கு வலை போட்டுவிடலாம் என்பது பெரும்பாலான குடும்பங்கள் கணக்குப் பார்க்காத விஷயம்.

ஊதுவத்தியையும் சாம்பிராணியையும் பற்றிப் பேசும்போது மனத்தில் ஒரு தயக்கம் ஏற்படுவது இயல்பு. ஏனெனில் அவை தெய்வ சந்நிதியோடும், வெள்ளிக்கிழமை மாலையோடும், தலை முழுகிய குழந்தையின் கூந்தலோடும் கலந்துவிட்டவை. ஆயினும் புகைக்குப் பக்தி தெரியாது. சிங்கப்பூரில் வாழும் சீனர்கள் 61,000 பேருக்கு மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2008இல் வெளியான ஆராய்ச்சியில், நீண்டகாலம் வீட்டில் ஊதுவத்தி ஏற்றிவந்தவர்களிடையே மூக்கு, வாய், தொண்டை ஆகிய மேல் சுவாசப் பாதையில் ஒருவகைப் புற்றுநோய் அதிகமாகக் காணப்பட்டது. தணலின் மேல் தூவும் சாம்பிராணியிலோ, துகள்களோடு கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து எழுகிறது. பூவும் விளக்கும் நைவேத்தியமும் கொண்டு செய்யும் பூஜையில் ஒரு குறையும் வந்துவிடப் போவதில்லை. வத்தி ஏற்றியே ஆக வேண்டும் என்பவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, திறந்த ஜன்னலின் ஓரத்தில் அதை வைத்து, மூச்சிரைப்பு உள்ளவரைச் சற்று நேரம் வாசலில் உட்காரச் சொல்லலாம். பெரும்பாலும் அந்த வீட்டில் வத்தி ஏற்றுகிறவரே அந்தப் பெரியவராகத்தான் இருப்பார் என்பதையும் நான் அறிவேன். அவரிடம் இதை எடுத்துச் சொல்லும் பொறுப்பை, அவர் மதிக்கும் வைத்தியரோ, அவர் பேச்சைத் தட்டாத பேத்தியோ ஏற்றுக்கொள்வது நல்லது.

இனி, கிராமத்துக்கு வருவோம். தமிழ்நாட்டு வீடுகளில் 100க்கு 82.9 வீடுகள் சமையலுக்கு எரிவாயு போன்ற தூய எரிபொருளை உபயோகிக்கின்றன என்று 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. நாட்டுச் சராசரி 58.6 மட்டுமே என்பதை நோக்க, இது பாராட்டத்தக்க நிலை. 2006இல் பதவியேற்ற மாநில அரசு வழங்கிய இலவச எரிவாயு அடுப்புக்கும், 2016 மே மாதம் உத்தரப் பிரதேசத்தின் பலியா நகரில் தொடங்கப்பட்ட உஜ்வலா திட்டத்துக்கும் இதில் பங்குண்டு. ஆனால் அடுப்பு வீட்டில் இருப்பது வேறு, அது எரிவது வேறு. உஜ்வலா குடும்பங்கள் 2023-24ஆம் ஆண்டில் சராசரியாக வாங்கிய உருளைகள் 4க்கும் குறைவு. மக்கள் பட்டணத்திலோ வெளிநாட்டிலோ இருக்க, ஊரில் தனியாக இருந்துவரும் முதிய தம்பதிகளின் வீட்டில் போய்ப் பார்த்தால் இதன் காரணம் தெரியும்: காபி போடவும், விருந்தாளி வந்தால் அவசரத்துக்கும் 'கேஸ்', சோறு வடிக்கவும், நெல் அவிக்கவும், குளிக்க வெந்நீர் போடவும் கருவேல விறகும் தென்னை மட்டையும் பாளையும். 'சிலிண்டர் சீக்கிரம் தீந்துடும் தம்பி' என்று சொல்லிக்கொண்டே, ஊதுகுழலைக் கையில் எடுத்து, அடுப்பு வாயில் முகத்தை வைத்து ஊதி, புகை கண்ணில் ஏறி நீர் வழிய நிமிரும் அந்த ஆச்சி, ஐம்பது ஆண்டுகளாக அதையே செய்துவருகிறவர். கண்ணில் புரை விழுவதற்கும் அடுப்புப் புகைக்கும் தொடர்புண்டு என்று வைத்திய நூலோர் கருதுகின்றனர்; புகையிலை தொடாதவர்களுக்கு வரும் நாட்பட்ட மூச்சடைப்பு நோய்க்கு உலகில் முக்கியமான காரணங்களுள் ஒன்றாக இந்தப் புகையே எண்ணப்படுகிறது.

இதைப் பற்றிய ஆராய்ச்சியில் தமிழ்நாட்டுக்குக் கௌரவமான ஓரிடம் உண்டு. இந்திய கிராமத்துச் சமையலறைப் புகையை 1980களின் தொடக்கத்தில் குஜராத்தில் அளந்து, இத்துறைக்கு வழிகாட்டியவர் அமெரிக்கப் பேராசிரியர் கிர்க் ஸ்மித். அவரோடு நெடுங்காலம் இணைந்து பணியாற்றியவர் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன். விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளிலும், குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளிலும் 3,200 குடும்பங்களைச் சேர்த்து நடத்தப்பட்ட பெரிய பரிசோதனையில், எரிவாயு இலவசமாக அளிக்கப்பட்ட வீடுகளின் கர்ப்பிணிகள் சுவாசித்த நுண்துகள் அளவு ஒரு கன மீட்டருக்கு 24 மைக்ரோகிராமாக இருக்க, விறகடுப்பு வீடுகளில் அது 70ஐத் தாண்டியது. அவ்வளவு குறைந்தும் பிறந்த குழந்தைகளின் எடையில் எதிர்பார்த்த ஏற்றம் காணப்படவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏன் என்று அறிஞர்கள் ஆராய்ந்து வருகின்றனர். எனினும், உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த நெறிப்படி ஒரு நாள் சராசரி 15ஐயும் ஆண்டுச் சராசரி 5ஐயும் தாண்டக் கூடாது என்றிருக்கையில், அடுப்பை மாற்றிய வீட்டிலும் காற்று இன்னும் தேற வேண்டியிருக்கிறது என்பது இதில் பிரத்தியட்சம். பக்கத்து வீட்டுப் புகையும் தெருவில் எரியும் குப்பையும் நம் வீட்டுச் சுவரை மதிப்பதில்லை. எரிவாயு அடுப்பும்கூட நைட்ரஜன் டை ஆக்சைடை வெளியிடுகிறது. மிளகாய் கிள்ளிப்போட்டுத் தாளிக்கும்போதும் எண்ணெயில் பலகாரம் பொரிக்கும்போதும் எழும் புகையிலும் துகள்கள் உண்டு. புகைபோக்கி விசிறியைச் சுழலவிட்டு, எதிர் ஜன்னலையும் திறந்துவைத்துச் சமைப்பது எல்லா அடுப்புக்கும் பொருந்தும்.

பழைய வீடுகள் இவ்வாறு இல்லை என்று பெருமூச்சு விடுவோர் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி வாஸ்தவம். வாசலில் திண்ணையும், நடுவில் முற்றமும், அதைச் சுற்றித் தாழ்வாரமும், கூரையடியில் காற்றுத் துவாரங்களும் வைத்துக் கட்டிய தஞ்சாவூர் வீட்டிலும் செட்டிநாட்டு மாளிகையிலும், வீட்டின் முதியவர் திண்ணையிலோ கூடத்திலோதான் இருந்தார். உஷ்ணக் காற்று முற்றத்தின் வழியே மேலெழ, தெருவிலிருந்து புதுக்காற்று உள்ளே புகுந்துகொண்டே இருந்தது. மீதிப் பாதியை மறந்துவிடக் கூடாது. அதே வீட்டின் பின்கட்டில், கரி படிந்து இருண்ட அடுக்களையில், விடியலிலிருந்து இரவு வரை விறகுப் புகையில் வெந்தவர்கள் பெண்கள். அவர்களில் வயது முதிர்ந்த விதவைகளும் இருந்தார்கள். ஆண்களுக்குத் திண்ணைக் காற்று, பெண்களுக்கு அடுக்களைப் புகை என்றிருந்த அந்த ஏற்பாட்டை அப்படியே மீட்டுக்கொண்டுவர நான் ஒரு நாளும் விரும்பமாட்டேன். முற்றத்தையும் சாளரத்தையும் மட்டும் எடுத்துக்கொள்வோம்.

காற்றை உள்ளே விடுவதற்குப் பெரியவர்களிடமிருந்தே ஒரு தடை எழுவதுண்டு. 'பனி ஆகாது', 'வாடைக் காற்று பட்டால் மூட்டு பிடித்துக்கொள்ளும்' என்று சொல்லி, மார்கழியில் காதை மூடிக் குல்லா தரித்து, ஜன்னலைச் சாத்தித் தாழிட்டுக்கொள்கிறவர்களை அலட்சியம் செய்யலாகாது. முதிய சரீரத்துக்குக் குளிர் தாங்காது என்பது உண்மையே. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859இல் வெளியிட்ட தாதிமைக் குறிப்பு நூலில், காற்றோட்டத்துக்கே முதல் அத்தியாயத்தை ஒதுக்கினார். காற்றை உள்ளே விடுவதும் நோயாளிக்குக் குளிர் தாக்காமல் காப்பதும் ஒன்றுக்கொன்று விரோதமானவை அல்ல என்பது அவர் கட்சி. போர்வையையும் கம்பளியையும் கூட்டிக்கொண்டு ஜன்னலைத் திறந்துவைக்கலாம். கட்டிலை ஜன்னலுக்கு நேரே போடாமல் ஓரமாகப் போட்டுக்கொள்ளலாம். அதே காலத்தில் மியூனிக் நகரத்தில் பெட்டன்கோபர் என்ற அறிஞர், அறைக்குள் கரியமிலவாயு பத்து லட்சத்தில் 1,000 பங்கைத் தாண்டினால் அந்த அறையில் காற்றோட்டம் போதவில்லை என்று கொள்ளலாம் எனக் கணித்தார். அந்த அளவுகோலை இன்றும் பொறியியலார் கையாள்கின்றனர். நமது சென்னை மாகாணத்திலேயே, டாக்டர் சௌரி முத்து என்பவர் 1928இல் தாம்பரத்தில் நிறுவிய காசநோய் சானடோரியம், திறந்த காற்றைச் சிகிச்சையின் அங்கமாகக் கொண்டு எழுந்தது. நோயைத் தீர்ப்பது மருந்தே என்பது பின்னர் சென்னையில் நடந்த ஆராய்ச்சியினாலேயே உறுதிப்பட்டது. ஆனால் ஒருவர் இருமிய காற்றை மற்றொருவர் சுவாசிக்காமல் தடுப்பதில் ஜன்னலுக்குள்ள இடம் குறையவில்லை.

இப்போது ஏ.சி. பொருத்திய அறைகள் பெருகிவிட்டன. சுவரில் மாட்டும் சாதாரண ஏ.சி., அறையில் உள்ள காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக் குளிரவைத்து விடுகிறதே தவிர, வெளியிலிருந்து புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை என்பது அதை உபயோகிப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. கதவைச் சாத்தி இருவர் படுத்துறங்கும் அறையில் விடிவதற்குள் கரியமிலவாயு, வெளிக்காற்றில் இருப்பதைப்போல் நாலைந்து மடங்காகிவிடுவது சகஜம். காலையில் எழும்போது தலை பாரமாக இருக்கிறது என்று சொல்லும் பெரியவரின் அறைக் கதவை ஓர் அங்குலம் திறந்துவைத்துப் பாருங்கள். உள்நாட்டு மாவட்டங்களில் வாங்கி வைக்கும் ஏர் கூலர் வேறொரு வகையில் கவனத்துக்குரியது. நுரையீரல் திசு தடித்துப்போகும் நோயாளிகள் 1,084 பேரைப் பல இந்திய நகரங்களில் ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட பதிவேட்டில், ஏறத்தாழ பாதிப் பேருக்கு வந்திருந்தது சுவாசித்த பொருளின் ஒவ்வாமையால் ஏற்படும் வகை. அவர்களில் பலர் ஏர் கூலர் உபயோகித்தவர்கள். பாசி பிடித்த கூலர்த் தண்ணீரும், புறா எச்சமும் அந்த ஒவ்வாமைக்குப் பேர்போன காரணங்கள். கூலரின் தொட்டியையும் வைக்கோல் தட்டிகளையும் அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். புறாவுக்கு இரை இடும் புண்ணியத்தை வயதானவர் படுக்கும் ஜன்னலின் கீழே செய்யலாகாது. அடைமழைக் காலத்தில் சுவரில் பூக்கும் பூஞ்சையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

எல்லாவற்றிலும் சடுதியில் உயிரைக் கவர்வது கார்பன் மோனாக்சைடு; இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; இரத்தத்தின் சிவப்பணுவோடு பிராணவாயு சேர்வதைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட வலிமையோடு சேர்ந்துகொள்ளும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குளிருக்காகக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் விடியலில் எழுந்திராத செய்திகளை நாம் படித்திருக்கிறோம். குளியலறைக்குள் பொருத்தும் எரிவாயு வெந்நீர்க் கலத்திலும் அதே அபாயம் ஒளிந்திருக்கிறது. அது வெளிச் சுவரில்தான் இருக்க வேண்டும். இதில் விதிவிலக்குக்கு இடமே இல்லை.

ஜன்னலை எந்நேரமும் திறந்துவைக்கச் சொல்கிறேன் என்று யாரும் கொள்ள வேண்டாம். போகிப் பண்டிகையன்று விடியலில் தெருவெங்கும் பழம்பாயும் டயரும் எரியும்போதும், தீபாவளி இரவிலும், பெருஞ்சாலை ஓரத்து வீடுகளில் வாகன நெரிசல் மிகுந்த வேளையிலும் சாத்தித்தான் வைக்க வேண்டும். குளிர்காலத்து அதிகாலையில் புகை தரையோடு படிந்து நிற்கும். வெயில் ஏறிய பிறகு திறப்பது நல்லது. சென்னையிலும் நாகையிலும் கடல்காற்று எழும் பிற்பகலைப்போல் உகந்த வேளை வேறில்லை. காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் பற்றிப் பலர் வினவுகிறார்கள். ஹெப்பா வடிகட்டி உள்ள இயந்திரம் துகள்களைப் பிடிக்கும் என்பது மெய். வாயுக்களை அது பெரும்பாலும் தடுக்காது. வடிகட்டியைக் காலத்தில் மாற்றாவிட்டால் பயனும் குன்றும். ஓசோன் வெளியிடும் வகையை வீட்டில் சேர்க்கவே கூடாது. வசதியுள்ளவர்கள், அதிலும் மூச்சு நோயாளி இருக்கும் வீட்டார், வாங்கட்டும். ஆனால் அறையில் கொசுவத்தியைப் புகையவிட்டுக்கொண்டே இயந்திரத்தையும் ஓடவிடுவது வீண் செலவு.

இது குடும்பத்தோடு மட்டும் முடிந்துவிடும் காரியமன்று. நுண்துகளுக்கு ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம் என்று 2009இல் மத்திய அரசு வகுத்த தர அளவு வெளிக்காற்றுக்கு உரியது; வீட்டு உட்காற்றுக்குச் சட்டபூர்வமான அளவு எதுவும் நாட்டில் இல்லை. ஈரப்பதமும் வெப்பமும் மிகுந்த பிரதேசங்களில் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறக்கக்கூடிய ஜன்னலாக இருக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. காகிதத்தில் அந்தப் பங்கைக் காட்டுவதற்காகக் குழாய்ச் சந்தில் திறக்கும் ஜன்னலையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, கட்டட அனுமதி பெற்றுவிடும் வழக்கத்துக்கு அதிகாரிகள் முற்றுப்புள்ளி வைக்க வேண்டும். ஆகாயமோ தெருவோ தோட்டமோ தெரியாத அறையைப் படுக்கையறை என்று விற்க அனுமதிக்கலாகாது. உஜ்வலா இணைப்புள்ள வீடுகளில் 60 வயதைக் கடந்தவர்கள் தனித்து வாழ்ந்தால், அவர்களுக்கு உருளை விலையில் கூடுதல் சலுகை அளிப்பது, பின்னால் அவர்களுக்கு அரசு மருத்துவமனையில் ஆகும் செலவை எண்ணினால் மிகையான தானமாகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, உடனே செய்யக்கூடிய ஒரு காரியம் நம் கையருகில் இருக்கிறது. 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கவும், மாத்திரை கொடுக்கவும், இயன்முறைச் சிகிச்சை அளிக்கவும் பெண் ஊழியர்கள் மாநிலமெங்கும் முதியவர்களின் வீட்டுக்கே செல்கிறார்கள். மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும் எந்த நிபுணருக்கும் கிட்டாத வாய்ப்பு அவர்களுக்கு இருக்கிறது: பெரியவர் படுக்கும் அறையை அவர்கள் நேரில் காண்கிறார்கள். பெரியவர் எந்த அறையில் தூங்குகிறார், அதற்குத் திறக்கும் ஜன்னல் உண்டா, இரவில் அங்கே என்ன புகைகிறது, வெந்நீர் எந்த அடுப்பில் போடுகிறார்கள் என்ற நான்கு கேள்விகளை அவர்களுடைய பதிவேட்டில் சேர்த்து, பதிலுக்கேற்ப நாலு வார்த்தை புத்தி சொல்லவும், தேவையானவர்களுக்குக் கொசுவலையோ ஜன்னல் வலையோ கொடுக்கவும் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்யுமானால், அதற்குப் புதிய கட்டடமும் வேண்டாம், புதிய இலாகாவும் வேண்டாம். அரசு அதைச் செய்யும்வரை காத்திராமல், இந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, வாசகர் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பெரியவரின் அறைக்குள் போய், ஜன்னலை மறைத்து நிற்கும் பீரோவை இன்றைக்கே நகர்த்தி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.